பலவானைக் கட்டும் வாக்கு

பைபிளை வேத நூலாகப் படிக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அதைக் கதையாகப் படிக்கிறவர்கள் குறைவு. முதல் வகையினருக்கு அதைப் பற்றி எடுத்துச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அந்த உத்தேசமும் இல்லை. ஆனால் பல நூற்றாண்டுகளில் பல பேர் எழுதிச் சேர்த்த ஒரு நூலை, சட்டமும் சரித்திரமும் பாட்டும் புலம்பலும் கலந்த ஒரு நூலை, ஒரே கதையாகப் பிடித்து நிறுத்துவது எது என்று யோசிப்பது நாவல் எழுதுகிறவனின் தொழிலைச் சேர்ந்த விஷயம். எனக்குத் தோன்றுகிற பதில் ஒரே வார்த்தைதான்: உடன்படிக்கை.

எல்லாம் வல்ல ஒருவரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கஷ்டம். அவர் நினைத்தது நடக்கும், அத்துடன் முடிந்தது. அவர் ஒருவனுக்கு வாக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் கதை பிறந்துவிடுகிறது. வாக்கைக் காப்பாற்றுவாரா? எப்போது? கேட்டவன் காத்திருப்பானா? காத்திருக்கிறபோது என்ன செய்வான்? பழைய ஏற்பாடு முழுவதும் இந்தக் கேள்விகளின் மேல்தான் நடக்கிறது.

நோவாவின் கதையைப் பாருங்கள். வெள்ளம் வடிந்த பிறகு, இனி உலகத்தை நீரால் அழிப்பதில்லை என்று கடவுள் உடன்படிக்கை செய்கிறார். மனிதனோடு மட்டுமல்ல, பறவை மிருகம் உட்பட எல்லா ஜீவன்களோடும் செய்கிறார். வானவில் அதற்கு அடையாளம். மனிதன் அண்ணாந்து பார்த்து ஆறுதல் அடைவதற்கு அது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆதியாகமத்தில் இருப்பது வேறு. மேகத்தில் வில் தோன்றும்போது, அதைப் பார்த்துத் தாமே தம் வாக்கை நினைவு கூர்வதாகக் கடவுள் சொல்கிறார். மறந்துவிடக் கூடாதே என்று நம் வீட்டுப் பெண்கள் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி. தெய்வம் தனக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிற இந்த இடத்தில்தான் உடன்படிக்கை என்ற எண்ணத்தின் வேர் இருக்கிறது.

வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'பெரீத்'. பழைய ஏற்பாட்டில் 280 தடவைக்கு மேல் அது வருகிறது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள், இரு தரப்பாரும் சமமாக உட்கார்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'சுந்தேக்கே' என்ற சொல்லைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, 'தியாதேக்கே' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தம் உடைமை பற்றித் தாமே எழுதி வைக்கிற உயில் அது. லத்தீனில் அது 'தெஸ்தமெந்தும்' ஆயிற்று. தமிழில் அட்டையின் மேல் 'ஏற்பாடு' என்றும் உள்ளே 'உடன்படிக்கை' என்றும் இரண்டு சொற்களாகப் பிரிந்து நிற்கிறது. கல்யாண ஏற்பாடு, சாப்பாட்டு ஏற்பாடு என்று தினசரி புழங்கித் தேய்ந்த சொல்லை அட்டையில் பார்க்கிறவனுக்கு, உள்ளே 280 தடவை வருகிற விஷயமும் அதுதான் என்பது தெரியாமலே போய்விடுகிறது. தெரிந்தால் நூலின் பெயரே அதன் கதைச் சுருக்கம் என்று புரியும்.

நமக்குப் பழக்கமானவை வரமும் நேர்த்திக்கடனும். தவம் செய்தவனுக்குத் தெய்வம் வரம் கொடுக்கிறது, கொடுத்ததோடு சரி. நேர்த்திக்கடனில் வாக்குக் கொடுப்பவன் மனிதன்: பிள்ளை பிழைத்தால் முடி இறக்குகிறேன் என்கிறான். பைபிளிலும் இது உண்டு. வீட்டை விட்டு ஓடிய யாக்கோபு பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து எழுந்து, உண்ண உணவும் உடுக்கத் துணியும் தந்து பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தால் நீர் என் தெய்வம் என்று பேரம் பேசுகிறான். அது பொருத்தனை. உடன்படிக்கை அதிலிருந்து வேறுபட்டது. இங்கே கட்டுப்படுகிறவர் முதலில் யார் என்று பார்க்க வேண்டும்.

இதை ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தைப் போல வேறு எந்த இடமும் காட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். பிள்ளையில்லாத கிழவனான ஆபிராமுக்கு நிலம் தருவதாக வாக்குக் கிடைக்கிறது. அதை நான் எப்படி அறிவேன் என்று அவன் கேட்கிறான். நியாயமான கேள்வி. பதிலாக, மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, இவற்றோடு ஒரு காட்டுப்புறாவும் ஒரு புறாக்குஞ்சும் கொண்டுவரச் சொல்கிறார் கடவுள். ஆபிராம் மிருகங்களை நடுவில் பிளந்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறான். பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. பிணந்தின்னிப் பட்சிகள் இறங்குகின்றன, அவன் துரத்துகிறான். பொழுது சாய்கிறது. அவனை ஆழ்ந்த தூக்கமும் பயங்கரமான இருளும் மூடுகின்றன. அப்போது புகைகிற சூளையும் எரிகிற தீவட்டியுமாகத் தோன்றிய ஒன்று அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து போகிறது.

எபிரேயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுகிறார்கள்'. வழக்கே அப்படி. பிளந்த உடல்களின் நடுவே நடப்பவன், வாக்குத் தவறினால் எனக்கும் இந்தக் கதி ஆகட்டும் என்று செயலால் சொல்கிறான் என்பது பெரும்பாலோர் கொள்ளும் பொருள். அறிஞர்களிடையே இதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் எரேமியா இதே சடங்கை இதே பொருளில் சொல்வதால், அந்தப் பொருளை ஏற்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஆச்சரியம் இதுதான்: ஆபிராம் நடக்கவில்லை. அவன் தூங்குகிறான். நடந்தது நெருப்பு மட்டும்.

இது எவ்வளவு தலைகீழான காரியம் என்பது அக்கம்பக்கத்து ராஜ்யங்களின் சாசனங்களைப் பார்த்தால் தெரியும். 1906-இல் துருக்கியில் போகாஸ்கோய் என்ற இடத்தைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து ஹிட்டைட் அரசர்களின் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பேரரசன் சிற்றரசனோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் அவற்றில் இருந்தன. நான் உனக்கு இன்னின்ன நன்மை செய்தேன், ஆகவே நீ இன்னின்னபடி நடக்க வேண்டும், தவறினால் இன்னின்ன சாபம் என்பது அவற்றின் போக்கு. சீனாய் மலை உடன்படிக்கையின் அமைப்பும் இதுவே என்று ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954-இல் எழுதினார். எகிப்திலிருந்து மீட்டேன் என்று தொடங்கித்தானே பத்துக் கட்டளைகளும் வருகின்றன? பிறகு 1955-இல் இராக்கில் நிம்ருத் என்ற இடத்தில் அசீரிய மன்னன் எசர்ஹத்தோன் கி.மு. 672-இல் வாங்கிய விசுவாசப் பிரமாணங்கள் கிடைத்தன. உபாகமம் 28-ஆம் அதிகாரத்துச் சாபங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது. 2009-இல் துருக்கியின் டெல் தாயினாத்தில், ஒரு கோயிலுக்குள் அதன் இன்னொரு பிரதி கிடைத்தது. கீழ்ப்பட்ட நாடுகளில் இதைக் கோயிலில் வைத்திருந்தார்கள் என்பது தெளிவாயிற்று.

இன்னொரு அசீரிய அரசன் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அர்பாத் நாட்டு மத்தியேலுவோடு செய்த உடன்படிக்கையில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதன் தலை மத்தியேலுவின் தலை என்று அறிவிக்கிறார்கள். இதுதான் உலக வழக்கு. ஆடு எப்போதும் எளியவனைக் குறிக்கும். பேரரசனின் தலையை எந்த ஆடும் குறிப்பதில்லை. ஆதியாகமத்தை எழுதியவன் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு, பேரரசனைத் துண்டங்களின் நடுவே நடக்கவிட்டு, எளியவனைத் தூங்க வைத்துவிட்டான். இதைவிடத் துணிச்சலான கற்பனையை அந்தக் காலத்து இலக்கியத்தில் நான் கண்டதில்லை. பக்தர்கள் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். சொல் எதுவானாலும் சரி, துணிச்சல் துணிச்சல்தான்.

சீனாயில் நிலைமை மாறிவிடுகிறதே என்று வாசகர் கேட்கலாம். அங்கே ஜனங்களும் வாக்குக் கொடுக்கிறார்கள். மோசே இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின் மேலும் பாதியை ஜனங்களின் மேலும் தெளிக்கிறான். உபாகமம் 28-இல் ஆசீர்வாதத்துக்கு 14 வசனங்கள்; சாபத்துக்கு 54. எளியவனை மிரட்டுகிற பழைய கதைக்கே திரும்பி வந்துவிட்டோமா?

இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தச் சட்டங்கள் யாரிடம் பேசுகின்றன என்று பாருங்கள். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறது ஒரு சட்டம். அடகு பிடிக்கிறவனைப் பார்த்துச் சொன்னது அது; அடகு வைத்தவனைப் பார்த்து அல்ல. எபிரேய அடிமையை ஏழாம் வருஷம் விடுதலை செய் என்பது எஜமானனுக்கு. விதவையை, திக்கற்ற பிள்ளையை, அந்நியனை ஒடுக்காதே என்பது ஒடுக்கக்கூடியவனுக்கு. அரசன்கூடக் குதிரைகளைப் பெருக்கிக்கொள்ளக் கூடாது, சட்டத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு தினமும் வாசிக்க வேண்டும் என்கிறது உபாகமம். அசீரியனின் சாசனம் குடிகளை அரசனுக்குக் கட்டிப்போட்டது. இது அரசனையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. கடவுள் தம்மைக் கட்டிக்கொண்ட அதே கயிறு இங்கே படிப்படியாகக் கீழே இறங்கி, ஒவ்வொரு படியிலும் பலம் உள்ளவனைத் தேடிக் கட்டுகிறது.

எரேமியா 34-ஆம் அதிகாரம் இதற்குச் சாட்சி. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. அரசன் சிதேக்கியா பயந்துபோய், அடிமைகளை விடுதலை செய்வதென்று நகரத்தாரோடு உடன்படிக்கை செய்கிறான். கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து, பிரபுக்களும் ஆசாரியர்களும் துண்டங்களின் நடுவே நடக்கிறார்கள். அடிமைகள் வெளியேறுகிறார்கள். எகிப்தியப் படை வருகிறது என்ற செய்தி கேட்டுப் பாபிலோனியர் கொஞ்ச நாள் விலகிப் போகிறார்கள். ஆபத்து நீங்கியது என்று நினைத்த எஜமானர்கள், அதே ஆண்களையும் பெண்களையும் திரும்பப் பிடித்து வந்து வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து வந்தால் தர்மம், விலகினால் வியாபாரம் என்கிற இந்த மனப்பான்மை எந்த ஊருக்கும் புதிதல்ல. தீர்க்கதரிசியின் பதில் கசப்பானது. நீங்கள் அவர்களுக்கு விடுதலை தரவில்லை, உங்களைப் பட்டயத்துக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் விடுதலை செய்கிறேன், உங்கள் பிணங்கள் பறவைகளுக்கு இரையாகும் என்கிறார் கடவுள். கி.மு. 586-ஐ ஒட்டி நகரம் வீழ்ந்தது.

இதே எரேமியாதான், கல்லில் எழுதியது உடைந்துவிட்டபடியால் இனி இருதயத்தில் எழுதப்படும் ஒரு புதிய உடன்படிக்கையைப் பற்றி 31-ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தைக் கையில் எடுத்துச் சொன்னதாக லூக்கா எழுதியிருப்பதும் அந்தச் சொல்லைத்தான். கன்றுக்குட்டியின் நடுவே நடந்து பார்த்தும் பயனில்லை என்று கண்டவர், வேறு எங்கேதான் எழுதச் சொல்வார்?

உடன்படிக்கையில் எளியவனுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் நிலமோ வெற்றியோ அல்ல, கேள்வி கேட்கும் உரிமை. பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் கோபம் கொண்ட கடவுளிடம் மோசே, ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் நீர் ஆணையிட்டதை நினைத்துக்கொள்ளும் என்கிறான். கடவுள் இறங்கி வருகிறார். 44-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தோற்றுச் சிதறிய ஜனங்கள், நாங்கள் உடன்படிக்கையை மீறவில்லை, நீர் ஏன் தூங்குகிறீர் என்று கேட்கிறார்கள். தோற்றவன் நிச்சயமாகப் பாவம் செய்திருப்பான் என்கிற சௌகரியமான தத்துவத்தை அந்த ஒரு பாட்டு உடைத்துவிடுகிறது. உடன்படிக்கையை வெறும் ஒப்பந்தமாக வைத்துக்கொண்டால், கஷ்டப்படுகிறவன் எப்போதும் குற்றவாளியாகவே இருப்பான். நாஜி முகாமிலிருந்து உயிரோடு வெளிவந்த எலீ வீசல், கடவுளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் நாடகம் ஒன்றை 1979-இல் வெளியிட்டார். அதை நாஸ்திகம் என்று சொல்பவர்கள் சங்கீதங்களைச் சரியாகப் படிக்கவில்லை. வாக்குக் கொடுத்தவரிடம்தான் வழக்காட முடியும்.

உடன்படிக்கையைப் பலவான் தன் கைக்கு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகள் 1838 டிசம்பர் 16 அன்று ஜூலுக்களோடு போரிட்டார்கள். வெற்றி தந்தால் அந்த நாளைப் புனிதமாகக் கொண்டாடுவோம், கோயில் கட்டுவோம் என்று முன்னதாக வேண்டிக்கொண்டார்கள். சுமார் 3,000 ஜூலுக்கள் மாண்டார்கள். யாக்கோபு செய்தது போன்ற பொருத்தனை அது. நம் நேர்த்திக்கடனின் ஜாதி. நிற வெறி ஆட்சி வந்த பிறகு, 1952-இல் அந்த நாளுக்கு 'உடன்படிக்கை நாள்' என்றே பெயர் வைத்தார்கள். தாங்கள் வாக்குத்தத்த நிலத்துக்கு வந்த ஜனம், மற்றவர்கள் கானானியர் என்ற எண்ணத்துக்கு முத்திரை விழுந்தது. 1995-இலிருந்து அது நல்லிணக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. தன்னைக் கட்டிப்போட வேண்டிய கயிற்றை அடுத்தவனைக் கட்ட எடுத்தார்கள் என்பதுதான் அங்கே நடந்த புரட்டு.

இந்தப் புரட்டுக்குப் பைபிளில் இடமே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஆபிராமுக்கு வாக்களித்த அதே அதிகாரத்தின் முடிவில், அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருந்த பத்து ஜனங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவர்களை யாரும் கேட்கவில்லை. யோசுவாவின் போர்களைப் படிக்கிறபோது எனக்கு இது உறுத்தாமல் இருந்ததில்லை. ஆனால் அந்த நூலே தன்னைத் தானே மறுத்துப் பேசவும் செய்கிறது. உங்களை மட்டுமே அறிந்திருக்கிறேன், ஆகையால் உங்களைத்தான் தண்டிப்பேன் என்கிற பொருளில் ஆமோஸ் பேசுகிறார். உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தது போலப் பெலிஸ்தரையும் சீரியரையும் நான்தானே கொண்டுவந்தேன் என்று கடவுள் கேட்பதாகவும் சொல்கிறார்.

கிபியோன் ஊரார் கதையும் இப்படி ஒரு மறுப்புத்தான். அவர்களும் அந்த நிலத்தின் பழைய குடிகள். பூசணம் பிடித்த அப்பத்தையும் தேய்ந்த செருப்பையும் காட்டி, நாங்கள் தூர தேசத்தார் என்று பொய் சொல்லி யோசுவாவிடம் உடன்படிக்கை வாங்கிவிடுகிறார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்படுகிறது. ஏமாற்றி வாங்கிய வாக்கு செல்லாது என்று எந்த வக்கீலும் சொல்வான். இஸ்ரவேலின் பிரபுக்கள் அவர்களை விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தார்களே தவிர, ஆணையிட்டது ஆணையிட்டதுதான் என்று உயிரோடு விட்டுவிட்டார்கள்.

தலைமுறைகள் கழிந்து சவுல் ராஜா, தன் ஜனத்தின் மேல் வைத்த வைராக்கியத்தால், அவர்களை அழிக்கப் பார்த்தான் என்று இரண்டாம் சாமுவேல் 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. காரணத்தைக் கவனியுங்கள்: இனப்பற்று. அதற்குத் தண்டனையாகத் தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம் வருகிறது. கிபியோனியர் பழி கேட்கிறார்கள். தாவீது, யோனத்தானுக்குத் தான் கொடுத்த வாக்கை நினைத்து அவன் மகனை மட்டும் தப்பவிட்டு, சவுலின் வழியில் வந்த ஏழு பேரைக் கொடுத்துவிடுகிறான். அவர்களை மலைமேல் தூக்கிலிடுகிறார்கள். குற்றம் செய்தவன் எப்போதோ செத்துவிட்டான். சாவது அவன் பிள்ளைகளும் பேரன்களும். அரசியல் என்றும் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

அந்த ஏழு பேரில் இருவருக்குத் தாய் ரிஸ்பாள், சவுலின் மறுமனையாட்டி. அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இரட்டுத் துணியைப் பாறைமேல் விரித்து, அறுப்பின் தொடக்கத்திலிருந்து வானத்து மழை அந்த உடல்களின் மேல் பெய்கிற வரையில், பகலில் பறவைகளும் இரவில் காட்டு மிருகங்களும் கிட்ட வராமல் காவல் இருக்கிறாள். பிணத்தைத் தின்ன வரும் பறவைகளைத் துரத்த ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்பது உபாகமத்தின் சாபங்களில் ஒன்று. சபித்தபடியே எல்லாம் நடந்த பிறகு, அந்த ஒரு சாபத்தை மட்டும் ஒரு பெண் நடக்கவிடவில்லை. செய்தி தாவீதுக்கு எட்டுகிறது. அவன் சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் தூக்கிலிட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்விக்கிறான். அதன் பிறகே தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டார் என்று முடிகிறது கதை. ஏழு பேரைத் தூக்கிலிட்டதும் கேட்டார் என்று எழுதியிருக்கலாம். எழுதியவன் அப்படி எழுதவில்லை.

உடன்படிக்கையில் மனிதனின் பங்கு என்ன என்று கேட்டால், ரிஸ்பாளையும் ஆபிராமையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். நெருப்பு வந்து நடுவில் நடப்பதற்கு முன்னால் ஆபிராம் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: பறவைகளைத் துரத்தினான். வாக்கு நிறைவேறுகிற வரையில், பிளந்து கிடப்பதைச் சூறையாட வருகிறவற்றைக் கிட்டவிடாமல் பார்த்துக்கொண்டான். அரசர்களும் பிரபுக்களும் துண்டங்களின் நடுவே நடந்து, சத்தியம் செய்து, அதை மீறவும் செய்தார்கள். பாறைமேல் துணி விரித்து உட்கார்ந்த அந்தப் பெண் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. ஆனாலும் கடைசியில் அரசனை எழுந்து நடக்க வைத்தவள் அவள்தான்.